எங்க போட்டிருக்குதுங்க?

நூற்றிருபது பிரதி எடுக்கச் சொல்லி நான் அனுப்பிய வினாத்தாள், அரை மணி நேரம் கழித்து ஒரு பிரதிகூட எடுக்கப்படாமல் ஆசிரியர் அறைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஜெராக்ஸ் அறையில் அந்த வாரந்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு ஒடிந்து, அந்த இடத்தில் கறுப்பு நூல் கட்டியிருந்தது.

“டீச்சர், இந்த ஆறாங் கேள்விக்குப் பதிலக் காணோமுங்க,” என்றார்.

இவருக்கு எதற்குப் பதில் என்று எனக்குப் புரியவில்லை. “மெசின்ல ஏதாவது கோளாறுங்களா?” என்று கேட்டேன்.

“மெசின் நல்லாத்தானுங்க இருக்குது. பத்தியத்தான் ரெண்டுவாட்டி படிச்சுப் பாத்தேன்.”

அது பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்காக நானே எழுதிய உரைப்பத்தி. கிணறு வற்றிப்போன ஒரு விவசாயி வரப்பில் போய் உட்கார்ந்திருப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து சொட்டுநீர்ப் பாசனத்தைப் பற்றிச் சொல்வார். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ஏழு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஆறாவது கேள்வி, ‘விவசாயி ஏன் வருந்தினார்?’

“வருந்துனாருன்னு எங்க போட்டிருக்குதுங்க? சும்மா உக்காந்திருந்தாருன்னுதான் போட்டிருக்குது.”

“கெணறு வத்திப்போய்ச் சும்மா உக்காந்திருந்தா வருத்தம்னுதாங்க அர்த்தம்.”

“எங்கய்யன் சந்தோசமா இருந்தாலும் வரப்புல சும்மாதானுங்க உக்காந்திருப்பாரு.”

பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் சிரித்துவிட்டார். நான் தாளை வாங்கி, பத்தியில் ‘உட்கார்ந்திருந்தார்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘வருத்தத்துடன்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“இப்பப் போட்டிருக்குதுங்களா?”

அவர் அந்த வரியை இன்னொரு முறை உதடு அசையப் படித்தார். “இப்பப் போட்டிருக்குதுங்க,” என்று திருப்தியோடு சொல்லிவிட்டுப் போனார்.

நான் எம்.ஏ., எம்.பில்., பி.எட். படித்தவள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் சாலையை ஒட்டி இருக்கும் அந்த விடுதிப் பள்ளியில் அப்போது எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். என் வகுப்பில் தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எடுப்பவர்கள் வருடா வருடம் ஒரு பெஞ்சு நிறைய இருப்பார்கள். முதல்வரே என் வினாத்தாளைத் திருப்பிப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுவார். அதைத்தான் ஒருவர் ஜெராக்ஸ் அறையில் இரண்டு முறை படித்திருந்தார்.

பிள்ளைகள் அவரை ஜெராக்ஸ் அக்கா என்று கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிறந்தது ஜேடர்பாளையம் பக்கம், வாக்கப்பட்டது குமாரபாளையம், பதினைந்து வருடம் விசைத்தறியில் நின்றவர், கணவர் இல்லை. மேலே போட்டிருக்கும் சட்டை தறிக்காலத்துப் பழக்கம். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. இயந்திரத்தின் சூடும் மை வாசனையும் எப்போதும் நிறைந்திருக்கும். வேறு யாராயிருந்தாலும் தாளை வைத்து, பொத்தானை அமுக்கி, எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வெளியே காற்றாட நின்றிருப்பார்கள். இவர் எந்தத் தாள் வந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். படிக்காமல் எடுக்க மாட்டார். இயற்பியல் சூத்திரம், விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல், பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கை, எதுவாயிருந்தாலும் சரி. வேகமாகவும் படிக்க வராது. அவர் ஒரு பக்கம் படிப்பதற்குள் நான் மூன்று பக்கம் படித்துவிடுவேன். சுற்றறிக்கையில் விடுமுறை முடியும் நாள் தொடங்கும் நாளுக்கு முன்னால் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதில் முதல்வருக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

விடுதிப் பிள்ளைகள் குறிப்புகளைப் பிரதி எடுக்க அங்கேதான் போக வேண்டும். போனால் நிற்க வேண்டும். அவர் படித்து முடிக்கிற வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும். நிற்கிற பிள்ளையிடம் அவர் கேட்பார்: “ஏன் சாமி, இதுல அந்தாளு எதுக்குத் திரும்பி வந்தாருன்னு எங்க போட்டிருக்குது?” பிள்ளை எதையாவது சொல்லும். “அது போட்டிருக்குதா, நீயா நெனச்சியா?” என்பார். அதட்டலாக இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல இருக்கும். பிள்ளை தாளை வாங்கித் திரும்பப் படிக்கும். நானாக நினைத்தேன் என்று சொன்னாலும் அவருக்கு வருத்தமில்லை. “நெனைக்கலாம் சாமி. ஆனா எத வெச்சு நெனச்சீன்னு காட்டோணுமில்ல?” என்பார்.

உரைப்பத்தி வினாவுக்கு விடை எழுதுவது எப்படி என்று நான் நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தேன். முதலில் கேள்வியைப் படி, கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியை அப்படியே எழுது. நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த குறிப்பு அது. அந்த நான்கு பக்கத்தைப் பிரதி எடுக்கப் போன பிள்ளைகள் அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தபோது எனக்கு என்னவோ செய்தது. வகுப்பு நேரம் வீணாகிறதே என்ற கவலை அது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அணிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அணிக்கு என்னிடம் ஒரு சுருக்கு வழி உண்டு. ‘போல’ வந்தால் உவமை அணி, ‘போல’ இல்லாவிட்டால் உருவக அணி. பத்தொன்பது வருடமும் அதையேதான் சொல்லிவந்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து கவிப்பிரியா எழுந்தாள். தம்மம்பட்டிப் பெண், விடுதியில் தங்கிப் படித்தவள். தமிழில் முப்பதைத் தாண்டாதவள். அதுவரைக்கும் என் வகுப்பில் அவள் தானாக எழுந்து நான் பார்த்ததில்லை.

“மிஸ், ‘மழை வரும் போல இருக்கு’ன்னு சொல்றோமே, அதுலயும் ‘போல’ வருது. அது உவமை அணியா மிஸ்? எதுக்கு எது உவமை?”

வகுப்பு என்னைப் பார்த்தது. அங்கே ‘போல’ ஒப்புமைக்கு வரவில்லை, ஊகத்துக்கு வருகிறது என்று சொல்லியிருக்கலாம். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அது எனக்குத் தோன்றியது. அப்போது தோன்றியதெல்லாம், இந்தக் கேள்வி இவளுடையது இல்லை என்பதுதான்.

“அது தேர்வுக்கு வராது. உக்காரு,” என்றேன்.

“ஜெராக்ஸ் அக்காவும் தெரியலன்னுதான் மிஸ் சொன்னாங்க. உங்கள கேட்டுட்டு வந்து அவங்களுக்கும் சொல்லச் சொன்னாங்க.”

என்னை மடக்கிப் பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். அதற்கு அந்தப் பெண் சொன்னதில் எந்த ஆதாரமும் இல்லை. இருந்தாலும் முடிவுகட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் கால் மெதுவாகும். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டேன். உள்ளே கவிப்பிரியா இருந்தாள். அவர் ஏதோ கேட்டிருந்தார். அவள் பதில் சொல்லவில்லை. இயந்திரமும் ஓடவில்லை. அவ்வளவு நேரம் ஒரு கேள்விக்குப் பிறகு யாரும் பேசாமலிருந்ததை நான் கேட்டதே இல்லை. அவள் அழுகிறாளோ என்றுகூட நினைத்தேன். வெளியே நின்ற எனக்கே அந்தப் பதிலைக் கத்திச் சொல்லிவிடலாம் போலிருந்தது. கடைசியில் அவள் மெல்லச் சொன்னாள்: “அம்மா கோவமா இருக்காங்கன்னு எழுதல அக்கா. ஆனா சோத்த வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்கன்னு நாலாவது வரியில இருக்கு. அத வெச்சுத்தான் நெனச்சேன்.”

“ஆங்,” என்றார் அவர். பாராட்டு அவ்வளவுதான். இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

மறுநாள் என் வகுப்பில் அதையே செய்து பார்த்தேன். ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, “எங்க போட்டிருக்குது?” என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒன்பது பாடம் திருப்ப வேண்டியிருக்கிறது என்று நினைவு வந்தது. பத்து எண்ணுவதற்குள் பதிலை நானே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நிம்மதியாக எழுதிக்கொண்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் பிள்ளைகள் மேலா, என் மேலா, படிக்கட்டுக்குக் கீழே இருப்பவர் மேலா என்று தெரியவில்லை.

டிசம்பரில் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். தமிழில் தேறாத பதினொரு பேரைச் சாயங்காலம் முக்கால் மணி நேரம் அந்த அம்மாளிடம் உட்காரவைக்கப் போவதாகச் சொன்னார்.

“அவங்க டீச்சர் இல்லீங்களே சார்,” என்றேன்.

“அது எனக்குந் தெரியுமுங்க. என்னமோ அவங்ககிட்ட உக்காந்தா அதுங்க படிக்குதுங்க. நீங்க நூத்துக்கு நூறு எடுக்கறவங்களப் பாருங்க டீச்சர். நமக்கு அதுதான முக்கியம்.”

என் சுமை குறைந்தது என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். கணக்கு டீச்சர் அப்படித்தான் சொன்னார். எனக்கு அந்தப் பதினொரு பேரும் திடீரென்று வேண்டியவர்களாகிவிட்டார்கள். அதுவரையில் அவர்களில் மூன்று பேருடைய பெயர் எனக்குச் சரியாகத் தெரியாது.

ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஜெராக்ஸ் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பேச்சுக்காக, எதுவரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டதுதான்.

“பத்தாவது பெயிலுங்க. தமிழ்ல.”

“தமிழ்லயா?”

“ஆமாங்க. மத்ததெல்லாம் பாசு. தமிழ்ப் பரிச்சையில ஒரு பத்தி குடுத்திருந்தாங்க. ஒரு ஆளு சம்சாரத்துக்கு மருந்து வாங்க ஆத்தத் தாண்டிப் போறாரு. வாங்குனாரு, தண்ணி ஏறிருச்சு, அக்கரையில நிக்கறாரு. அத்தோட முடிச்சுட்டாங்க. வந்து சேந்தாரான்னு போடல. நான் திரும்பத் திரும்பப் படிச்சுட்டே உக்காந்துட்டனுங்க. பாத்தா மணி அடிச்சுட்டாங்க.” அவர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். “அடுத்த வருசம் எழுதலாமுன்னாங்க. அதுக்குள்ள கல்யாணம் பண்ணிட்டாங்க.”

நானும் சிரித்தேன். அன்று முழுவதும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நான் எத்தனையோ ஆயிரம் உரைப்பத்தி படித்திருக்கிறேன், எதுவும் என்னை மணி அடிக்கும்வரை பிடித்து வைத்ததில்லையே என்று சாயங்காலம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் பிடித்ததெல்லாம் போய்விட்டது.

அரையாண்டுத் தேர்வில் தற்குறிப்பேற்ற அணியை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொல்லியிருந்தேன். தானாக நடக்கிற ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது அது. பாடப்புத்தகத்தில் ஒரு பாடல் எடுத்துக்காட்டாக இருக்கிறது. எல்லோரும் அதையே எழுதினார்கள். கவிப்பிரியா எழுதியிருந்தது இது: ‘ஜெராக்ஸ் மெசினில் தாள் சிக்கிக்கொள்வது இயல்பு. வினாத்தாள் கடினமாக இருக்கிறது என்று மாணவர்கள்மேல் இரக்கப்பட்டு மெசின் அதை வெளியே விட மறுத்தது என்று சொன்னால் தற்குறிப்பேற்ற அணி.’

விளக்கம் சரி. எடுத்துக்காட்டும் சரி. ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. ஜெராக்ஸ் அக்காதான் அந்த விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

“இது தப்புங்களா டீச்சர்? எனக்குத் தெரியாம அந்தப் புள்ளைக்குத் தப்பாச் சொல்லிட்டனோன்னு பயமாயிருக்குது.”

“புத்தகத்துல இருக்கறத எழுதோணுமுங்க.”

“செரிங்க. அப்பப் பொருள் தப்பில்லீங்களே?”

“பொருள் தப்பில்ல.”

“அது போதுமுங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக ஒரு சண்டை போட்டிருப்பேன்.

சனவரியில் இரண்டாம் திருப்புதல் தேர்வு. வினாத்தாளை முடித்ததும் அதை அவரிடம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். இன்னொரு தடவை அவர் வாசலில் வந்து நின்று, எங்க போட்டிருக்குதுங்க என்று கேட்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியில், நான் இறங்கும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு கடை இருந்தது. அங்கே கொடுத்தேன். கடைக்காரர் தாளைக் கணினியில் ஏற்றி, அங்கிருந்து பிரதி எடுத்தார். கூட்டமாக இருந்தது. வேலை முடிந்ததும் கணினியில் இருப்பதை அழிக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பிரதிகளைப் பையில் போட்டு எடுத்து வந்து, மறுநாள் தேர்வு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

தேர்வன்று காலையில் ஒரு பெற்றோர் முதல்வருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வினாத்தாளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம்.

முதல்வர் அறைக்கு என்னையும் ஜெராக்ஸ் அக்காவையும் கூப்பிட்டார்கள். முதல்வர் மேசைமேல் ஒரு பிரதி இருந்தது. பள்ளியில் எல்லா வினாத்தாளும் ஜெராக்ஸ் அறை வழியாகத்தான் போகும். எந்தத் தாள் எப்போது வந்தது என்று எழுதி வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

“இது எப்பிடிம்மா வெளிய போச்சு?” என்று முதல்வர் அவரிடம் கேட்டார்.

அவர் தாளை எடுத்தார். நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். முதல்வர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவர் நிமிரவில்லை. முழுப்பக்கமும் படித்து, திருப்பி, பின்பக்கத்தையும் படித்து முடித்தார்.

“இது எங்கிட்ட வரலீங்க சார்.”

“எல்லாம் உங்ககிட்டதான வருது?”

“இது வரலீங்க. வந்திருந்தா நாலாங் கேள்விய மாத்தச் சொல்லியிருப்பேன். பத்தியில அந்தம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்கன்னு போட்டுட்டு, கேள்வியில மூத்த மகன், நடு மகன்னு கேட்டிருக்குதுங்க.”

நான் முதல்வரின் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி. அந்தத் தப்பு என் கண்ணில் பட்டிருக்கவில்லை. முதல்வருக்கு அது ஒரு சாட்சியாகத் தெரியவில்லை. பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையில் இருந்தார். என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், நீங்க இவங்ககிட்டதான குடுத்தீங்க?”

“எப்பவும் போலத்தாங்க சார்,” என்றேன்.

அந்த மூன்று சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன உடனேயே அது எவ்வளவு வசதியான பதில் என்று எனக்குத் தெரிந்தது. ஜெராக்ஸ் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நான் ஒட்டுக்கேட்ட அன்று கவிப்பிரியாவை எப்படிப் பார்த்திருப்பாரோ, அப்படிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் அவரை விடுதிச் சமையலறைக்கு மாற்றினார்கள். போய் ஒரு வாரம் காய் நறுக்கினார். பிறகு வரவில்லை. ஜெராக்ஸ் அறைக்கு வேறொருவர் வந்தார். இப்போது நூற்றிருபது பிரதியும் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

அந்தப் பதினொரு பேரும் என்னிடமே திரும்பி வந்தார்கள். நான் எதிர்பார்த்தது அதுதான். சாயங்காலங்களில் அவர்கள் என் முன்னால் உட்கார்ந்து, நான் சொல்வதை எழுதிக்கொண்டார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்தி ஒன்றைக் கொடுத்தால், என்னிடம் காட்டுவதற்கு முன்னால் அவர்களுக்குள் மெல்லக் கிசுகிசுத்துக்கொள்வார்கள். “போட்டிருக்குதா, நீயா நெனச்சியா?” என்று ஒருத்தி கேட்பதும், இன்னொருத்தி வரியில் விரல் வைத்துக் காட்டுவதும் எனக்குக் கேட்கும். நிமிர்ந்து நான் பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

பொதுத்தேர்வு முடிவுகள் வந்தபோது பதினொரு பேரும் தேறியிருந்தார்கள். கவிப்பிரியா எழுபத்தெட்டு. அவள் தன் அம்மாவோடு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சரம்மா, தமிழ்ல இவ பாசாகுறதே பெருசுன்னு இருந்தோம். உங்களாலதான்,” என்றார். நான் தலையாட்டினேன். மறுக்கவில்லை. கவிப்பிரியா அம்மாவைத் திருத்தவில்லை. அம்மா அலுவலகத்துக்குள் போனதும் என்னிடம் வந்தாள்.

“மிஸ், ஜெராக்ஸ் அக்கா நம்பர் உங்ககிட்ட இருக்கா? மார்க்கு சொல்லணும்.”

“என்கிட்ட இல்லம்மா.”

“அவங்க தாள வெளிய விட்டிருக்க மாட்டாங்க மிஸ்.”

“எப்படிச் சொல்ற?”

“அவங்க எதையும் முழுசாப் படிக்காம கையவிட்டு விடமாட்டாங்க மிஸ். படிச்சிருந்தா அந்த நடு மகன அவங்க விட்டிருப்பாங்களா?”

பதினைந்து வயதுப் பெண். உரைப்பத்தியைப் படிப்பதுபோல அந்த நாளைப் படித்து வைத்திருந்தாள். அன்றே முதல்வரிடம் போய்ச் சொன்னேன். வெளிக்கடையில் எடுத்தது நான், ஜெராக்ஸ் அக்காவிடம் அந்தத் தாள் போகவே இல்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். முதல்வர் அதை மேலோட்டமாகப் பார்த்தார்.

“முடிஞ்சுபோன விசயமுங்க டீச்சர். இப்பத்தான் நல்ல ரிசல்ட் வந்திருக்குது. இதக் கெளறி ஸ்கூல் பேரக் கெடுக்கோணுமா?” தாளை மடித்து இழுப்பறையில் போட்டார்.

“அவங்களத் திரும்பக் கூப்பிடலாமுங்களே சார்.”

“ஆளு போட்டாச்சுங்களே.”

சமையலறையில் கேட்டு, ஜெராக்ஸ் அக்கா ஜேடர்பாளையத்தில் அண்ணன் வீட்டோடு இருப்பதாகத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போனேன். தடுப்பணைக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையில் இருந்தார். அதே போல ஒரு முழுக்கைச் சட்டை. வெளியே மீன் பொரிக்கும் கடைகளில் கூட்டம். உள்ளே பட்டா நகலும் வங்கி விண்ணப்பமுமாகக் கட்டுக் கட்டாகத் தாள்கள்.

“வாங்க டீச்சர். புள்ளைங்க எப்பிடி எழுதியிருக்குதுங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.

“எல்லாரும் பாசுங்க. கவிப்பிரியா எழுபத்தெட்டு.”

“எண்பது வரோணும் அவளுக்கு. கடைசியில அவசரப்பட்டிருப்பா.” முகம் மலர்ந்துபோயிருந்தது.

நான் உட்காரவில்லை. “அந்தத் தாள நான் வெளிக்கடையில எடுத்தனுங்க,” என்றேன்.

“தெரியுமுங்க.”

“எப்பிடித் தெரியும்?”

“எங்கிட்ட வரல. பொறவு வேற எங்கதான் எடுத்திருப்பீங்க?”

“அப்புறம் ஏன் சார்கிட்டச் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு நின்னனுங்க.”

கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. இப்போது முதல்வரிடம் சொல்லிவிட்டேன் என்றும், அவர் விட்டுவிடச் சொல்கிறார் என்றும் சொன்னேன். தலையாட்டினார். பிறகு கேட்டார்.

“ஏனுங்க டீச்சர் வெளிய எடுத்தீங்க?”

அன்று நேரமாகிவிட்டது என்றேன். அவர் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு வேலை அதிகமாக இருந்தது என்றேன். அதற்கும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நின்றுகொண்டு என்னால் மூன்றாவது பொய்யைத் தேட முடியவில்லை.

“நீங்க படிச்சுடக் கூடாதுன்னுங்க.”

“படிச்சா என்னங்க?”

“தப்பக் கண்டுபுடிப்பீங்க. புள்ளைங்களும் உங்ககிட்டதான் வருதுங்க. எனக்குப் பொறாமையா இருந்துதுங்க.”

“எம் மேலயா?” அவர் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்பதுபோலப் பின்னால் பார்த்தார். கேலிக்குச் செய்யவில்லை, நிஜமாகவே நம்ப முடியவில்லை. மேசைமேல் இருந்த தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டிக்கொண்டே சொன்னார்: “எனக்கு அந்த வேலை நொம்பப் புடிச்சிருந்துதுங்க டீச்சர்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் படியேறி வந்து, நான்காக மடித்த ஒரு தாளை நீட்டினார். “இதுல ஒண்ணு எடுத்துக் குடு சாமி,” என்றார்.

“செத்த இருங்க டீச்சர்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் தாளைப் பிரித்தார். வெளிச்சம் வருகிற பக்கம் திரும்பி நின்று, உதடு அசைய, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, “மேல உங்களுக்கும் தம்பிக்கும் பொதுன்னு போட்டுட்டு, கீழ உங்க பேரு மட்டுந்தான் போட்டிருக்குது. தம்பி பேரு இல்லீங்களே?” என்று கேட்டார். பெரியவர் யோசித்தார். அந்த அம்மாள் காத்திருந்தார். பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அந்தக் கடை ஓரத்தில் நின்றுகொண்டு, பெயர் தெரியாத அந்தப் பெரியவர்மேல் பொறாமைப்பட்டேன்.